முனையில் கிடக்கும் அந்த அரை ஏக்கர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை, பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். பயப்படாதே, இப்போது நன்றாக நடமாடுகிறேன். ஆனால் நான் படுத்திருந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்துச் சுவர், அதில் ஒரு குழாய், குழாயில் ஒரு விரிசல், நான்கு நாளும் அந்த விரிசலைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தேன். வேடிக்கை என்னவென்றால் ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984இல் வெளியிட்ட ஆய்வும் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களைப் பற்றியதுதான்: ஜன்னலில் மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள், வலிக்கு வீரியமான மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. மொத்தம் 46 பேர்தான், சின்ன ஆய்வு. இருந்தாலும் நான் நம்புகிறேன், நான் சுவர் கட்சி அல்லவா.

சரி, கட்டடம் வராமல் திறந்தவெளியாகவே காப்பாற்ற வேண்டும் என்று நீ நினைக்கிற உன் தெருமுனை நிலத்துக்கு வருகிறேன். "அரை ஏக்கர் புதர், யார் அங்கே போகிறார்கள், ஏதாவது கட்டினாலாவது பிரயோஜனப்படும்" என்று உன் மருமகன் சொல்வதாக எழுதியிருந்தாய். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, இருபது வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் பேசியிருப்பேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு சொல்லும் கணக்கு, வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள் குறைந்தது அரை ஹெக்டேர் பசுமையான பொதுவெளி இருக்க வேண்டும் என்பது. அரை ஹெக்டேர் என்றால் ஏறக்குறைய ஒன்றேகால் ஏக்கர், உன் நிலம் அதில் பாதிகூடத் தேறாது. அதற்காக அதைத் தள்ளிவிட முடியுமா? 1967இல் திறந்த நியூயார்க்கின் பேலி பார்க் 390 சதுர மீட்டர்தான், பத்து சென்ட்கூட வராது, இன்றும் அதில் ஜனங்கள் உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

நம்முடையதைப் போன்ற பழைய புறநகர்களில் விஷயமே வேறு. புதிதாக மனை போடுகிற இடத்தில் வரைபடத்தில் கொஞ்சம் ஒதுக்கிவிடலாம், இங்கே ஒரு பூங்கா வேண்டுமென்றால் யாரோ குடியிருக்கிற வீட்டை இடித்தால்தான் உண்டு. எங்கள் தெருவில் தனி வீடுகளாக இருந்தவை எல்லாம் அடுக்குமாடி ஆகிவிட்டன, கொல்லைப்புறம் போயிற்று, முன்பக்கம் விட்ட இடத்திலும் வண்டி நிறுத்த சிமென்ட் போட்டாயிற்று, மழைத் தண்ணீர் மண்ணில் இறங்க வழியில்லாமல் நேரே தெருவுக்கு வருகிறது. ஜனம் பெருகிவிட்டது, பூங்கா மட்டும் அதே அளவு. இல்லை, அதே அளவுகூட இல்லை. முதலில் ஒரு மோட்டார் அறை வந்தது, அப்புறம் டிரான்ஸ்பார்மர், அப்புறம் காவலாளிக்கு ஓர் அறை, கடைசியாக ஒரு கூடம். "ஓரமாகத்தானே, மூலையில்தானே" என்று கேட்டு வாங்கியவை எல்லாம். கூடத்துக்கு நானே கையெழுத்துப் போட்டேன், அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மை இல்லை. முன்பு உள்ளே ஒரு சுற்று வர 310 எட்டு வைக்க வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு எண்ணிப் பார்த்தேன், 220.

கெட்ட காரியத்துக்குக் கேட்டால் எல்லோரும் எதிர்ப்பார்கள். நல்ல காரியத்துக்குக் கேட்கும்போதுதான் நிலம் போகிறது. பெங்களூரில் பூங்காவுக்கென்று திட்டத்தில் ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்தார்கள். மருத்துவமனையை யார் வேண்டாம் என்பார்கள்? குடியிருப்பவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள், பூங்கா நிலத்தை அப்படிக் கொடுத்தது செல்லாது என்று 1991இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர்களிடம் வரைபடம் இருந்தது, அதில் பூங்கா என்று எழுதியிருந்தது. அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஆக்டேவியா ஹில் என்ற பெண்மணி 1875இல் லண்டனில் சுவிஸ் காட்டேஜ் வயல்களைக் காப்பாற்ற ஓடி ஓடிப் பணம் திரட்டினார், ஆனாலும் நிலம் கைக்கு வரவில்லை, வீடுகள் எழும்பிவிட்டன. அதே சமயத்தில் அதே ஊரின் விளிம்பில் எப்பிங் காடு பிழைத்தது. எப்படி என்று கேள், சிரிப்பாய். லண்டன் நகர நிர்வாகம் இடுகாட்டுக்கென்று வாங்கிய நிலத்தோடு காட்டில் மாடு மேய்க்கும் உரிமையும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அந்த உரிமையை வைத்து, காட்டை வேலி போட்டு வளைத்தவர்கள் மேல் போட்ட வழக்கில் 1874இல் ஜெயித்து, 1878இல் காட்டைக் காக்கச் சட்டமே வந்துவிட்டது. காட்டின் அழகு காப்பாற்றவில்லை, மாடு காப்பாற்றியது!

இங்கிலாந்தில் இன்றும் ஒரு சட்டம் உண்டு: பகுதிவாசிகள் ஓர் இடத்தை யாரிடமும் அனுமதி கேட்காமல், வம்பு செய்யாமல், ஒளிவுமறைவில்லாமல் 20 வருடம் விளையாடவும் உலாவவும் பயன்படுத்தியிருந்தால் அதை ஊர்ப் பசுந்திடலாகப் பதிவு செய்யக் கேட்கலாம். நிலக்காரர் விவரமானவராக இருந்தால் "என் அனுமதியுடன் பயன்படுத்தலாம்" என்று முன்கூட்டியே ஒரு பலகை நட்டுவிடுவார், அதோடு கதை முடிந்தது. பெருந்தன்மை மாதிரி தெரியும், வேலி அதுதான்.

உன் பக்கம் சட்டம் எப்படியோ, நிலம் யார் பெயரில் இருக்கிறது, பழைய மனை வரைபடத்தில் அந்தத் துண்டுக்கு என்ன பெயர் போட்டிருக்கிறது என்று முதலில் பார். அதைப் பார்க்காமல் கூட்டம் போடாதே. "யார் போகிறார்கள்" என்ற கேள்விக்கும் வாயால் பதில் சொல்லாதே. நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், புதருக்குள் மூன்று ஒற்றையடிப் பாதைகள் தெரிகின்றன, ஒன்று நன்றாக வெளுத்துக் கெட்டிப்பட்டுப் போயிருக்கிறது. யாரும் போகாத இடத்தில் புல் இப்படியா தேயும்? தேதியோடு படம் எடு, காலையில் ஒன்று, பள்ளி விடும் நேரத்தில் ஒன்று, மழை பெய்த மறுநாள் ஒன்று.

அடுத்த மாதம் டாக்டர் பயணம் போகலாம் என்றதும் வருகிறேன். அளக்க ஒரு நாடா வாங்கி வை, மறுமுனையைப் பிடிக்க மருமகனையும் கூப்பிடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்