டீக்கடை அண்ணன்களுக்கு: அந்த லைட்டரைக் கழற்றி வையுங்கள்

மதுரையில் டீக்கடை நடத்தும் அண்ணன்களுக்கு வணக்கம்.

25 வருடமாக உங்கள் கடைகளில் நின்று டீ குடித்தவன் எழுதுகிறேன். பத்து மாதத்துக்கு முன்னால், 47 வயதில், எனக்கு மாரடைப்பு வந்தது. இப்போது ஒரு ஸ்டென்ட்டோடு, அதாவது அடைத்த ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக் குழாயோடு, நடமாடுகிறேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் "சிகரெட் உண்டா?" என்று கேட்டார். "பெருசா இல்ல சார், டீயோட ஒண்ணு, அவ்வளவுதான்" என்றேன். "ஒரு நாளைக்கு எத்தனை டீ?" என்றார். ஐந்து என்று சொல்ல வாய் வரவில்லை.

இந்த "ஒண்ணுதானே" என்பதில்தான் ஏமாந்து போனேன். தினம் 20 சிகரெட் பிடிப்பவருக்கு இதய நோய் ஆபத்து எவ்வளவு கூடுகிறதோ, அதில் கிட்டத்தட்ட பாதி ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும் கூடிவிடுகிறது என்று 2018இல் வெளியான பெரிய ஆய்வுத் தொகுப்பு ஒன்று சொன்னது. இருபதில் ஒரு பங்கு இல்லை அண்ணே, பாதி. கொஞ்சம் புகை உள்ளே போனாலே ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்ட ஆரம்பிக்கும், ரத்தக் குழாயின் உள்சுவரும் கெடும். எண்ணிக்கையைக் குறைத்துவிட்டேன் என்று இதயத்திடம் பேரம் பேச முடியாது.

சரி, பிடித்தது நான்தானே, உங்களுக்கு எதற்குக் கடிதம்?

சிகரெட் பெட்டியில் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படம் போட வேண்டும் என்ற விதி 2016 ஏப்ரலில் இருந்து நடப்பில் இருக்கிறது. அந்தப் படத்தை நான் உற்றுப் பார்த்ததே இல்லை. பெட்டி உங்கள் கல்லா பக்கத்திலேயே இருந்தது, என் கைக்கு வந்தது உதிரி சிகரெட் மட்டும். அப்புறம் தூணில் நூல் கட்டித் தொங்கும் அந்த லைட்டர். முன்பு அந்த இடத்தில் கயிறு புகைந்துகொண்டிருக்கும், ஞாபகம் இருக்கிறதா? பொது இடங்களில் தீப்பெட்டி, லைட்டர், சாம்பல் கிண்ணம் எதையும் வைத்துத் தரக் கூடாது என்று 2008ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. காபிக் கடையும் சிற்றுண்டிக் கடையும் அந்தப் பட்டியலில் உண்டு.

உங்கள் டீ மாஸ்டரையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் இருந்து பாய்லர் பக்கத்தில் நிற்கிறார். அவருக்குப் பழக்கம் இல்லாவிட்டாலும் நாங்கள் விட்ட புகையை அவர்தான் இழுத்தார். அடுத்தவர் புகையைத் தொடர்ந்து சுவாசிப்பவருக்கு இதய நோய் ஆபத்து கால் பங்குக்குக் குறையாமல் கூடுகிறது. இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட எனக்கு அது உறைக்கவில்லை.

வடையை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கே மனசு வராது. ஆனால் காலையில் வடை போட்ட எண்ணெயில் சாயங்காலம் பஜ்ஜி, மிஞ்சியதோடு மறுநாள் புது எண்ணெய் என்று ஓட்டுகிறீர்களே, எங்கள் இதயத்தை நினைத்து அதை மட்டும் நிறுத்துங்கள். கறுத்து நுரை தள்ளும் எண்ணெய் மேற்கொண்டு சுட உதவாது. பழைய எண்ணெயைப் பயோடீசல் தயாரிக்க விலைக்கு வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

சிகரெட் இல்லை என்றால் டீ ஓடாது என்பீர்கள். ஓடாமல் என்ன? இப்போது நான் போகும் கடையில் சிகரெட் விற்பதில்லை. சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மாக்கள் வந்து நிற்கிறார்கள், நமக்கு உட்கார பெஞ்சு கிடைப்பதில்லை. இருந்தாலும், உண்மையைச் சொன்னால், உங்கள் கடை டீ மாதிரி இல்லை.

சிகரெட்டை விட்டு ஒரு வருடம் தாண்டினால், அதனால் கூடியிருந்த இதய நோய் ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடுமாம். எனக்கு இன்னும் இரண்டு மாதம் பாக்கி. அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டும். காலை பதினொரு மணி டீக்குத்தான் கை தானாகச் சட்டைப் பையைத் தடவுகிறது. அந்த நேரத்தில் கண் முன்னால் லைட்டர் ஆடாமல் இருந்தால், நாளைக்கே உங்கள் கடைக்கு வந்துவிடுவேன். சர்க்கரை கம்மியாக ஒரு டீ போதும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளன்