கன்னம் மரத்திருக்கிறது என்று வருபவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள்

மதிப்பிற்குரிய பல் மருத்துவர்களுக்கும் காது மூக்கு தொண்டை மருத்துவர்களுக்கும்,

வணக்கம். மேல் கடைவாய்ப் பல் ஆடுகிறது, ஒரு பக்க மூக்கு அடைத்தே கிடக்கிறது, அந்தப் பக்கக் கன்னம் மரத்திருக்கிறது என்று யாராவது வந்தால், பல்லைப் பிடுங்கும் முன்பு, இன்னொரு ஆன்டிபயாடிக் எழுதும் முன்பு, ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். இதைக் கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

என் பெரியம்மாவுக்கு மேல்தாடை சைனஸில், அதாவது கன்னத்து எலும்புக்குள் இருக்கும் காற்றறையில், வந்தது அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா. உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய் சைனஸுக்குள் எப்படி வந்தது என்று வீட்டில் எல்லோரும் கேட்டோம். காதோரத்திலும் தாடைக்கு அடியிலும் இருக்கும் பெரிய சுரப்பிகள் போக, அண்ணத்திலும் மூக்கிலும் சைனஸின் உள்சவ்விலும் அதே இனத்துச் சிறு சுரப்பிகள் இருக்கின்றனவாம். அங்கிருந்தும் இது கிளம்பும். சைனஸ் புற்றுநோயே அரிது. அதிலும் பெரும்பாலானவை செதிள் செல் புற்றுநோய் என்ற வேறு வகை. அதனால் உங்களில் பலர் ஒன்றைக்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்பது எனக்குப் புரிகிறது.

ஆனால் இந்த நோய்க்கு நரம்பைப் பிடித்துக்கொண்டே நகரும் குணம் உண்டு. கீழிமை, மூக்கின் பக்கம், மேலுதடு, கன்னம் ஆகியவற்றுக்கு உணர்ச்சி தரும் நரம்பு சைனஸின் கூரை வழியாகத்தான் ஓடுகிறது. அதைப் பிடித்தால் கன்னம் மரக்கும். அதன் வழியே பின்னோக்கி ஏறினால் மண்டையோட்டின் அடித்தளத்தைத் தொட்டுவிடும். சாதாரண சைனஸ் அழற்சியில் வலி இருக்கும், கனம் இருக்கும். கன்னம் வாரக்கணக்கில் மரத்துக் கிடப்பது அதன் வழக்கமல்ல.

பெரியம்மா இதைச் சொன்னார். பல் பிடுங்கிய மருத்துவரிடமிருந்து, "ஊசி போட்டதால் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும்" என்று பதில் வந்தது. மரத்துப்போக ஊசி போட்டால் சில மணி நேரத்தில் விட்டுவிடும் என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொரு காரணமும் இருந்தது என்று நினைக்கிறேன். அவருக்கு வெற்றிலை, புகையிலைப் பழக்கம் எதுவுமில்லை. கழுத்தில் நெறி கட்டவும் இல்லை. நம் ஊரில் புற்றுநோயைச் சந்தேகிக்க இந்த இரண்டையும்தான் முதலில் பார்க்கிறோம். இந்த நோய்க்கோ புகையிலையோடு உறுதியான தொடர்பு கிடையாது. நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுவதும் குறைவு. அவை இல்லை என்பதால் நிம்மதி அடைய முடியாது.

சாதாரண எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் விட்டுவிடாதீர்கள். எலும்பு அரித்திருப்பதை சி.டி. ஸ்கேன் காட்டும், நரம்பு வழிப் பரவலுக்கு எம்.ஆர்.ஐ. வேண்டும். பல் பிடுங்கிய குழி ஆறாமல் சதை வளர்ந்தால், சுரண்டிக் குப்பையில் போடாமல் பயாப்சிக்கு அனுப்புங்கள். சைனஸ் அறுவையில் எடுக்கும் 'பாலிப்' சதையையும், குறிப்பாக ஒரே பக்கத்தில் இருந்தால், கட்டாயம் அனுப்புங்கள். அந்தச் செலவைக் கேட்டு நோயாளி தயங்கினால், ஏன் அனுப்புகிறீர்கள் என்று அவருக்கு விளங்கும்படி சொல்லுங்கள். சொன்னால் எங்கள் ஜனங்கள் கேட்பார்கள்.

சிகிச்சை பெரும்பாலும் மேல்தாடையை வெட்டி எடுப்பதும் பிறகு கதிர்வீச்சும்தான். கீமோவுக்கு இது அவ்வளவாகக் கட்டுப்படாது. மெதுவாக வளரும் நோய் என்பதால் ஐந்து வருடம் தாண்டியதும் குணமாகிவிட்டது என்று எண்ணிவிடுகிறார்கள். 10, 15 வருடம் கழித்தும் அதே இடத்திலோ நுரையீரலிலோ திரும்பி வருகிறது.

அறுவை முடிந்தவர்கள், வெட்டி எடுத்த இடத்தை மூடும் அண்ணத் தகட்டைச் சரிபார்க்க வருடக்கணக்கில் பல் மருத்துவரிடம்தான் வருவார்கள். தகடு பொருந்துகிறதா என்று பார்க்கும்போதே, முகத்தில் புதிதாக எங்காவது மரக்கிறதா என்றும் கேளுங்கள். நெஞ்சு ஸ்கேன் கடைசியாக எப்போது எடுத்தார்கள் என்றும் கேளுங்கள். புதிதாக வருபவர்களுக்கு நீங்கள் நிரப்பும் படிவத்தில், சர்க்கரை, இரத்த அழுத்தத்துக்குக் கீழே, "கன்னம் மரத்திருக்கிறதா?" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் குடும்பத்தைச் சேர்ந்தவள்