கிஃப்ட் திலேப்பியாவுக்கு வளர்ச்சி மட்டும் போதாது: மீன்வளத் துறைக்கும் மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கும் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

திலேப்பியா மீன்களைக் கொல்லும் திலேப்பியா ஏரி வைரஸைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2014இல் இஸ்ரேலில் அடையாளம் கண்டார்கள். மேற்கு வங்கத்திலும் கேரளத்திலும் அது வந்துவிட்டதை 2018இல் வெளியான ஆய்வு உறுதி செய்தது. அந்தக் குளங்களில் 85 சதவீதத்துக்கு மேல் மீன் செத்திருந்தது. குஞ்சு ஏற்றி வரும் வண்டிகள் மாநில எல்லையைத் தாண்டித்தான் வருகின்றன. அதனால் தமிழ்நாட்டில் கிஃப்ட் என்ற, வேகமாக வளரும் திலேப்பியா ரகத்தை வளர்க்கும் எங்களுக்கு இது தூரத்து விஷயம் இல்லை.

இந்த நோய் வந்த குளத்தில் முதலில் தீவனம் மிதந்தபடியே கிடக்கும். அப்புறம் மீன் கறுத்து, மேலே வந்து மந்தமாக நீந்தும். கண் பிதுங்கும், அல்லது வெள்ளை படரும். தோல் அரித்துப் புண்ணாகும். பெரிய மீனைவிடக் குஞ்சுகள்தான் கொத்துக் கொத்தாகச் சாகும். பண்ணைக்காரர் பதறிப்போய் மருந்துக் கடைக்கு ஓடுவார். கடைக்காரர் ஆன்டிபயாட்டிக் கொடுப்பார். அது பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸை ஒன்றும் செய்யாது. கடன் வாங்கி வளர்ப்பவருக்கு மீனும் போய், அந்தப் பணமும் போகும்.

நான் கேட்க வந்தது மருந்து இல்லை, விதை. கிஃப்ட் ரகமே பொறுக்கி எடுத்து உருவாக்கியதுதான். 1988இல் பிலிப்பைன்ஸில் தொடங்கி, வேகமாக வளரும் குடும்பங்களை, அதாவது ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த மீன்களை, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். வைரஸைத் தாங்கும் குணத்தையும் அப்படியே தேர்ந்தெடுக்கலாம். மலேசியாவில் கிஃப்ட் இனப்பெருக்கக் கூட்டத்துக்குள்ளேயே இந்த வைரஸ் புகுந்தபோது, ஒரே குளத்தில் 124 குடும்பங்களைச் சேர்ந்த 1,800க்கு மேற்பட்ட மீன்கள் இருந்தன. சுமார் 40 சதவீதம் செத்தன. ஆனால் எல்லாக் குடும்பத்திலும் ஒரே அளவில் இல்லை. சில குடும்பங்கள் அடியோடு போயின, சில குடும்பங்களில் ஒன்றுகூடச் சாகவில்லை. ஒரே தண்ணீர், ஒரே தீவனம், ஒரே வைரஸ்! பிழைக்கும் குணத்தில் பெரும்பங்கு பரம்பரையாக வருகிறது என்று அந்தக் கணக்கிலிருந்து தெரிந்தது. அந்தக் குணத்துக்காகத் தேர்ந்தெடுத்தால் வளர்ச்சி குறையும் என்பதற்கும் அதில் ஆதாரம் இல்லை. 2021இல் வெளியான தொடர் ஆய்வு, 22ஆவது குரோமோசோமில் இதற்கான ஒரு பெரிய மரபணுப் பகுதியையே காட்டிவிட்டது.

இது நடக்கிற காரியமா என்றால், நார்வே ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறது. அங்கே சால்மன் குஞ்சுகளைக் கணைய அழுகல் வைரஸ் கொன்றுகொண்டிருந்தது. தாங்கும் திறனில் பெரும்பங்கு ஒரே மரபணுப் பகுதியில் இருப்பதை 2008, 2009 ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் காட்டின. உடனே அந்த மரபைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த முட்டைகளைப் பண்ணைகளுக்கு விற்றார்கள். 2009இல் 200க்கும் மேற்பட்ட இடங்களில் வந்த நோய், சில ஆண்டுகளில் 50 இடங்களுக்கும் கீழே இறங்கியது. அதற்கு அந்த முட்டைகள் முக்கியமான காரணம்.

கிருஷ்ணகிரி மாவட்டம் பாரூரில் பல்கலைக்கழகத்துக்குக் கிஃப்ட் நிலையம் இருக்கிறது. எந்தத் தாய் மீனின் குஞ்சுகள் எங்கே போயின, எத்தனை பிழைத்தன என்று குடும்பவாரியாகப் பதிவு செய்வதை அங்கிருந்து தொடங்குங்கள். வளர்ச்சிக்கு மதிப்பெண் போடுவதுபோல் பிழைப்புக்கும் போடுங்கள். இதற்குச் சில தலைமுறை ஆகும், காத்திருக்கத் தயார்.

காத்திருக்க முடியாத ஒன்றும் உண்டு. தாயிடமிருந்தே இந்த வைரஸ் குஞ்சுக்குப் போகிறது என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. பார்வைக்கு நன்றாக இருக்கும் தாய் மீனும் அதைச் சுமக்கலாம். ஆகவே குஞ்சு விற்கும் ஒவ்வொரு பொரிப்பகமும் தாய் மீன்களுக்குக் குறிப்பிட்ட இடைவெளியில், வைரஸின் மரபணுவைக் கண்டுபிடிக்கும் பிசிஆர் பரிசோதனை செய்ய வேண்டும். அதன் முடிவு ஆக்சிஜன் பையோடு எங்கள் கைக்கு வர வேண்டும். இன்று பில்லில் எண்ணிக்கையும் விலையும்தான் இருக்கிறது.

இன்னொன்று. மீன் செத்தால் பண்ணைக்காரர்கள் வாய் திறப்பதில்லை. நோய் என்று வெளியே தெரிந்தால் வியாபாரி மிச்ச மீனையும் எடுக்க மாட்டார் என்ற பயம். இந்த வைரஸ் மனிதரைத் தொற்றுவதாக எந்த ஆதாரமும் இல்லை என்பதைச் சந்தையில் துறை உரக்கச் சொல்ல வேண்டும். தகவல் கொடுப்பவரின் பெயரை வெளியிடாமல், சாகும் நிலையில் உள்ள மீனைக் குளத்தங்கரைக்கே வந்து எடுத்துப்போகும் ஆள் மாவட்டத்துக்கு ஒருவராவது வேண்டும். எந்தக் குளத்தில் எந்தக் குடும்பம் தப்பியது என்ற விவரம் அவர் வழியாகத்தான் பாரூருக்குப் போய்ச் சேரும். அடுத்த கோடைக்குள் அவரை நியமியுங்கள்.

இப்படிக்கு,
கிஃப்ட் திலேப்பியா வளர்க்கும் ஒரு பண்ணைக்காரன்