தேர்வுத்தாளில் அடங்காத பாடம்

ஆசிரியருக்கு,

பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் தொழில்முனைவு இன்னமும் மனப்பாடம் செய்து எழுதும் ஒரு தாளாகவே இருக்கிறது. இறுதியாண்டு புராஜெக்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கும் மாணவர்களும் இருக்கிறார்கள். வேதனையாக இருக்கிறது.

நம் மதுரையில் 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. கண்புரை அறுவையில் கண்ணுக்குள் பொருத்தும், இறக்குமதியான உள்விழி லென்ஸின் விலை ஏழைகளுக்கு எட்டவில்லை. அதனால்தான் 1992-ல் அரவிந்தின் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப் பிறந்தது. லென்ஸை இங்கேயே தயாரித்து விலையைப் பல மடங்கு குறைத்தார்கள். யாருக்குத் தேவை, அவரால் எவ்வளவு கொடுக்க முடியும், அதற்குள் எப்படிச் செய்வது: மாணவர்கள் கற்க வேண்டிய வரிசை இதுதான்.

மாட்டுத்தாவணி பூச்சந்தையில் விற்காத மல்லிகை சில மணி நேரத்தில் வாடிவிடுகிறது. சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் பெண்கள் நாளெல்லாம் குனிந்தே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு செமஸ்டர் முழுக்க மாணவர்களை இவர்களிடம் அனுப்புங்கள். எதையாவது செய்து, விற்றுப் பார்க்கட்டும். விற்காமல் போனாலும், ஏன் என்று நேர்மையாக எழுதினால் முழு மதிப்பெண் கொடுக்கலாம். மதிப்பிடும் குழுவில் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டைப் பட்டறைக்காரர் ஒருவரும் அவசியம் இருக்க வேண்டும். பாடத்திட்டக் குழுவினர் அடுத்த கல்வியாண்டுக்குள் இதை முடிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

– ஓய்வுபெற்ற பொறியியல் ஆசிரியர், திருநகர், மதுரை.