தண்ணீர்மலைப் பந்தல்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்குத் தண்ணீர்மலைக் கோயில் நிர்வாகக் குழுவினருக்கும், தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடும் அன்பர்களுக்கும் வணக்கம்.

பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். பதினைந்து வருடமாக ஒரு பந்தலில் காய் நறுக்கி, சிரப் பானம் கலக்கிக் கொடுத்து வருகிறவள். அந்த உரிமையில்தான் இதைக் கேட்கிறேன். பால்குடத்துக்குப் பெயர் பதியும் மேசையில், பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய கையோடு, இன்னொன்றையும் கேளுங்கள்: "கடைசியா எப்போ இனிப்பு நீர் பார்த்தீங்க?" அதாவது, நீரிழிவுப் பரிசோதனை.

இது எங்கிருந்து வந்த யோசனை என்று புரிய என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அண்ணன் லாரி ஓட்டியவர். 2014இல் அவருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிந்தது. அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்த சின்னப் புத்தகம் இப்போது என் அலமாரியில் இருக்கிறது. தேதி, எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை அளவு, ஓரத்தில் தாதியின் கையெழுத்து. மூன்று மாதத்துக்கு ஒரு வரி. 2020 பிப்ரவரி வரை ஒரு வரிகூட விட்டுப்போகவில்லை. மார்ச் 18ஆம் தேதி கோவிட்டுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அதற்கு அடுத்த வரியில் இருக்கும் தேதி 2023 பிப்ரவரி மாதத்தது.

முதலில் கிளினிக்கில்தான் தேதியைத் தள்ளி வைத்தார்கள். அன்றைய நிலைமைக்கு அது சரி. நான் போய் மருந்தை மட்டும் வாங்கி வருவேன். அப்புறம் கட்டுப்பாடு தளர்ந்தது, மறுபடி இறுகியது, மறுபடி தளர்ந்தது. ஒவ்வொரு முறையும் "அடுத்த மாதம் போகலாம்" என்பார். கிளினிக்கில் கூட்டம், நோய் ஒட்டிக்கொள்ளும் என்ற பயம் வேறு. பயம் போன பிறகும் போகாத பழக்கம் மட்டும் அவரிடம் தங்கிவிட்டது. மாலையில் திடலைச் சுற்றி நடப்பவர், திடலை மூடியதும் நின்றார். திறந்ததும் ஏனோ தொடரவில்லை. ஓட்டம் இல்லாத நாட்களில் வீட்டில் நாலு வேளை தே தாரேக் (பால் தேநீர்), ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மெகி. ஆறு கிலோ ஏறியிருந்தார். அதை நாங்கள் கோவிட்டுக்குத் தப்பித்தவரின் பூரிப்பு என்று நினைத்தோம்.

2021இல் தைப்பூசத்துக்கு ஊர்வலமில்லை. 2022இல் கட்டுப்பாட்டோடு நடந்தது. 2023 பிப்ரவரி 5ஆம் தேதிதான் பழையபடி தண்ணீர்மலை நிறைந்தது. வீட்டில் ஓர் உயிரும் போகாததற்கு நேர்த்திக்கடனாக அண்ணன் பால்குடம் எடுத்தார். வெறுங்காலோடு, பகல் பதினோரு மணித் தார்ச்சாலையில் நடந்து, 500க்கும் மேற்பட்ட படிகள் ஏறி இறங்கி எங்கள் பந்தலுக்கு வந்தார். முகம் அப்படி மலர்ந்திருந்தது. இரண்டு கிளாஸ் சிரப் என் கையால்தான் கொடுத்தேன்.

சாயங்காலம் அண்ணி அவர் காலைக் கழுவப் போனார். வலது காலில் கட்டைவிரலுக்குக் கீழே தோல் நனைந்த காகிதம்போல் பிரிந்து கிடந்தது. அதற்கடியில் தார்ப்பொடி. "என்னங்க, வலிக்கலையா?" என்று பதறினார் அண்ணி.

"எங்கே?" என்று கேட்டார் அண்ணன்.

அந்தக் கேள்வியை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. இரத்தத்தில் சர்க்கரை வருடக்கணக்கில் கூடியே இருந்தால் பாதத்து நரம்பு மரத்துப்போகும். சூடு தெரியாது, முள் தெரியாது. இரத்த ஓட்டமும் குறைவதால் புண் ஆறாது. மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, "தெரியுதா?" என்று தாதி கேட்கும் சோதனை ஒன்று உண்டு. இரண்டு நிமிட வேலை. அந்த மூன்று வருடத்தில் ஒருமுறை அதைச் செய்திருந்தால் அவர் செருப்பில்லாமல் தார்ச்சாலையில் இறங்கியிருக்க மாட்டார். இரண்டு வாரம் வீட்டிலேயே மஞ்சளும் மருந்தும் வைத்துப் பார்த்து, கடைசியில் மருத்துவமனைக்குப் போனோம். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. கோவிட்டுக்குச் சற்று முன், 2019இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். அதில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். அதற்கு மேல்தான் கோவிட் வந்து பரிசோதனைப் பழக்கத்தை அறுத்தது. பந்தலில் என்னோடு காய் நறுக்கும் பெண்களிடம் கேட்டுப் பார்த்தேன். கருப்பைவாய்ப் பரிசோதனையை 2020இல் தள்ளிப்போட்டு இன்னும் போகாதவர்கள்தான் பாதிக்கு மேல்.

கிளினிக்தானே இதைச் செய்ய வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் கிளினிக் பக்கமே போகாதவரைக் கிளினிக் எப்படிக் கேட்கும்? அவர் கோயிலுக்கு வருகிறார். கேட்பது நமக்குப் புதிதும் இல்லை. கோவிட் காலத்தில் வாசலில் நின்று ஒவ்வொருவர் நெற்றியிலும் சூடு பார்த்தோம், மைசெஜாதெரா கைப்பேசிச் செயலியில் பதியச் சொன்னோம், இடைவெளி விட்டு நிற்க வைத்தோம். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

பதியும் நாளுக்கும் பூசத்துக்கும் நடுவே விரத நாட்கள் இருக்கின்றன. "பார்த்து ரொம்ப நாளாச்சு" என்று ஒருவர் சொன்னால் கிளினிக்குக்குப் போய்வர அந்த இடைவெளி போதும். காசில்லை என்பாருக்கும் வழி உண்டு: அரசு உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கும் அவர்களின் துணைவருக்கும், 40 வயது ஆகியிருந்தால், குறைந்த வருமானத்தினருக்கான பெக்கா பி40 திட்டத்தில் பரிசோதனை இலவசம். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவில் பதிந்த, 40 வயதை எட்டிய தொழிலாளர்களுக்கும் தனியாக ஒரு திட்டம் இருக்கிறது. இந்த இரண்டு திட்டங்களையும் தமிழில் ஒரு அட்டையில் எழுதி மேசையில் ஒட்டினாலே பலருக்குத் தெரியவரும். விரதம் இருந்துகொண்டு இனிப்பு நீர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். விரதத்துக்கு முன் மருத்துவரைப் பார்க்கச் சொல்வதும் அதே மேசையில் முடிகிற காரியம்.

பந்தல்களுக்குத் தனியாக ஒன்று. சிரப்பை நிறுத்தச் சொல்லவில்லை, அது நம் பந்தலின் அடையாளம். சீனியைப் பாதியாக்குங்கள், பக்கத்திலேயே வெறும் குளிர்ந்த தண்ணீரும் மோரும் கண்ணில் படும்படி வையுங்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு வாளி நல்ல தண்ணீர், சுத்தமான துண்டு, பயிற்சி பெற்ற ஒரு தாதி. இறங்கி வருகிறவர் உட்கார்ந்து பாதத்தைக் காட்டட்டும். பந்தலுக்கு ஆகும் செலவில் இது ஒரு சாக்கு அரிசிக்குக்கூட வராது.

"முருகன் பார்த்துக்கொள்வான்" என்று அன்றைக்கு அண்ணன் சொன்னார். நானும் அவனை நம்புகிறவள்தான். ஆனால் மூன்று வருடமாக ஒரு மனிதர்கூட அவர் காலைப் பார்க்கவில்லை. அந்தப் பொறுப்பு நம்முடையது.

வரும் பூசத்துக்கு எங்கள் பந்தலில் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் அண்ணனே உட்காரச் சம்மதித்திருக்கிறார். யாராவது தயங்கினால் காலுறையைக் கழற்றித் தன் பாதத்தைக் காட்டுவதாகச் சொல்கிறார். உங்கள் அடுத்த ஏற்பாட்டுக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேச இடம் கொடுங்கள். அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் வருகிறோம்.

அன்புடன்,
பட்டர்வொர்த்திலிருந்து ஒரு பந்தல்காரி