பவிக்கு, டோக்கன் போடறதுக்கு முன்னாடி

பவி குட்டி,

நேத்து நீ அனுப்புன வீடியோவ ரெண்டு தடவ பாத்தேன்டி. நீச்சல்குளம், ஜிம், பாப்பா விளையாட சறுக்குமரம், பதினாலாவது மாடி பால்கனில இருந்து பக்கிங்காம் கால்வாய் தெரியுதுனு மாப்பிள்ளை சொல்றது வரைக்கும் எல்லாம் கேட்டுச்சு. நீங்க வாடகைக்கு பாத்திருக்கற வீடு நல்லாதான் இருக்கு. ஆனா கீழ "திங்கக்கெழம டோக்கன் அட்வான்ஸ் போட்டுடலாம்னு இருக்கோம் சித்தி"னு எழுதிருக்க பாரு, அதப் படிச்சதுல இருந்து எனக்கு தூக்கம் இல்ல.

வீடு முழுக்க காட்டுனீங்க, ஒரு குழாய கூட தொறந்து காட்டல. சென்னை ஓஎம்ஆர் ரோட்டுப் பக்கம் வீடு பாத்தா மொதல்ல கேக்க வேண்டியது தண்ணி. போர் தண்ணியா, குடிநீர் வாரியத்தோட மெட்ரோ வாட்டர் வருதா, இல்ல முழுக்க லாரியா? 2019 கோடையில பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம்னு சென்னைக்கு தண்ணி தர்ற நாலு ஏரியும் வத்திப்போச்சே, அப்ப நாங்க பெரும்பாக்கத்துல இதே மாதிரி ஒரு கேட்டட் அபார்ட்மெண்ட்லதான் இருந்தோம். காலைல ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், அவ்வளவுதான் தண்ணி, உன் சித்தப்பா ஆபீஸ்ல இருந்து வந்து குளிக்க முடியாம முகத்த மட்டும் தொடச்சிட்டு படுத்த நாளெல்லாம் உண்டு. லாரிக்கு ஆன செலவு பூரா மெயின்டெனன்ஸ்ல வந்து ஏறுச்சு. அந்த மெயின்டெனன்ஸும் சூப்பர் பில்டப் ஏரியாவுக்குதான் போடுவாங்க, நீ புழங்குற கார்பெட் ஏரியாவுக்கு இல்ல. 1,200 ஸ்கொயர் ஃபீட்னு சொல்ற வீட்ட உள்ள டேப் வச்சு அளந்து பாரு, லிஃப்ட், படிக்கட்டு, வராந்தா பங்கெல்லாம் அதுலயே சேந்திருக்கும். சதுரடிக்கு 4 ரூபானா மாசம் 4,800, இது வாடகை போக தனியா.

இன்னொன்னு, பேஸ்மெண்ட் பார்க்கிங். 2015 டிசம்பர் வெள்ளத்துலயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் அங்க தண்ணி எது வரைக்கும் ஏறுச்சுனு கேளு, புரோக்கர்கிட்ட கேக்காத, கேட்ல நிக்கிற செக்யூரிட்டி அண்ணன்கிட்ட கேளு, ரொம்ப நாளா அங்கயே நிக்கிறவரா இருந்தா செவுத்துல கைய வச்சே காட்டுவாரு.

இப்ப அட்வான்ஸ் விஷயத்துக்கு வரேன், எனக்கு வயிறு எரியுற இடம் இதுதான். தண்ணி இல்லாமதான் அந்த பெரும்பாக்கம் வீட்ட காலி பண்ணோம். 2017ல 10 மாச வாடகைய அட்வான்ஸா குடுத்திருந்தோம். பெயிண்டிங்னு ஒரு மாச வாடகைய புடிச்சிக்கிட்டாரு ஹவுஸ் ஓனர், சரினு விட்டோம், மிச்சத்த "அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் குடுத்ததும் தரேன்"னு நாலு மாசம் இழுத்தாரு. புது வீட்டுக்கு குடுக்க கையில காசில்லாம என் வளையல் அடகுக்கு போச்சு, உங்கம்மாவுக்கு கூட இது தெரியாது.

தமிழ்நாட்டுல 2017ல போட்ட வாடகை சட்டம் 2019 பிப்ரவரில நடைமுறைக்கு வந்துச்சு. அதுப்படி அக்ரிமெண்ட் எழுத்துல இருக்கணும், வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும். அக்ரிமெண்ட்ல வேற மாதிரி ஒத்துக்கிட்டு எழுதலைனா 3 மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக் கூடாது. அந்த "எழுதலைனா"வ நல்லா கவனி பவி, நீ படிக்காம கையெழுத்து போட்டா அதுலயே உன் பணம் போய் மாட்டிக்கும். காலி பண்ணா பாக்கி போக மிச்சத்த ஒரு மாசத்துக்குள்ள திருப்பித் தரணும்னும் சட்டத்துல இருக்கு. சண்ட வந்தா கரண்ட்டையோ தண்ணியையோ நிறுத்தவும் ஓனருக்கு உரிமை கெடையாது.

அதனால பெயிண்டிங்குக்கு எவ்வளவு, வருஷத்துக்கு வாடகை எத்தன சதவீதம் ஏறும், மெயின்டெனன்ஸ் ஏறுனா யார் கட்டறது, காலி பண்ண எத்தன மாச நோட்டீஸ், எல்லாத்தையும் பேப்பர்ல வாங்கு. கூச்சப்படாத. "சித்தி கேக்க சொன்னாங்க"னு என் மேல பழிய போடு. செவுத்துல இருக்கற ஆணி ஓட்ட, பாத்ரூம் கசிவு, கதவுல கீறல் எல்லாத்தையும் சாவி வாங்குற அன்னைக்கே போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப் பண்ணிடு.

அசோசியேஷன் ரூல்ஸையும் ஒரு காப்பி கேட்டு வாங்கு. வீட்டு வேலைக்கு வர்றவங்க மெயின் லிஃப்ட்ல ஏறக் கூடாதுனு சில எடத்துல வச்சிருக்காங்க, நம்ம ஆச்சி நாலு வீட்டுல வேல பாத்துதான் உங்கம்மாவையும் என்னையும் படிக்க வச்சா, அந்த மாதிரி ரூல் இருந்தா அந்த வீடு வேண்டாம்னு சொல்லிடு கண்ணு.

சனிக்கெழம சாயங்காலம் ஏழு மணிக்கு போலாம், எல்லாரும் வீட்டுல இருக்கற நேரம், தண்ணி வேகம் அப்பதான் தெரியும். நானும் வரேன், பாப்பாவ நான் தூக்கிக்கிறேன், நீ நிதானமா ஒவ்வொரு குழாயா தொறந்து பாரு. அது வரைக்கும் ஒரு ரூபா அனுப்பாத.

உன் சித்தி