எங்கள் சிறு நிரலாக்க மொழிக்கு நன்கொடை வேண்டி

அன்புடையீர்,

வணக்கம். புதிதாக நிரல் எழுதப் பழகுபவர்களுக்காக நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறிய மொழியை உருவாக்கி வருகிறோம். மாறி (மதிப்பை வைக்கும் பெயர்), நிபந்தனை, மடக்கு (திரும்பத் திரும்பச் செய்வது), செயற்கூறு (பெயரிட்ட நிரல் துண்டு), பட்டியல், இவ்வளவுதான் அதில் உண்டு. நிரல்களை ஓட்டும் மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்தில் டைனமிக் லாங்குவேஜ் ரன்டைம், சுருக்கமாக டி.எல்.ஆர்., என்று ஒரு பகுதி உண்டு; புது மொழிகளை ஓடவைக்க உதவும் அடித்தளம் அது. அதன் மேல்தான் எங்கள் மொழி ஓடுகிறது. இதுவரை எல்லாம் மாலை நேரத்து, விடுமுறை நாள் உழைப்பில் நடந்தது. இனி வரும் வேலை அப்படி முடியாது என்பதால் உங்களிடம் வருகிறோம்.

சின்ன மொழிதானே, இதற்கு எதற்குப் பணம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எங்களுக்கு இலவசமாகக் கிடைத்தது எது என்று முதலில் சொல்லிவிடுகிறோம்.

பைத்தான் என்ற நிரலாக்க மொழியின் டாட்நெட்டில் ஓடும் வடிவத்தை, அயர்ன்பைத்தான் என்ற பெயரில் ஜிம் ஹுகுனின் தொடங்கினார். அதன் 1.0 பதிப்பு 2006இல் வந்தது. எந்த டைனமிக் மொழிக்கும், அதாவது மதிப்பு எண்ணா எழுத்தா என்பது ஓடும்போதே தெரியவரும் எந்த மொழிக்கும், பொதுவாகத் தேவைப்படும் பகுதிகளை அந்த வேலையிலிருந்து பிரித்தெடுத்து வளர்த்ததுதான் டி.எல்.ஆர். 2010இல் அதன் மையப் பகுதி டாட்நெட் 4உடன் சேர்ந்தே வந்துவிட்டது.

டி.எல்.ஆர். என்ன செய்கிறது என்பதை ஒரே ஒரு நிரல் வரியை வைத்துப் பார்க்கலாம். நிரலில் 'அ + ஆ' என்று இருக்கிறது. நிரலைப் படித்துப் பிரிக்கும் எங்கள் பார்சர் அதை ஒரு எக்ஸ்பிரஷன் ட்ரீயாக, அதாவது கணக்கின் அமைப்பைக் கிளைகளாகக் காட்டும் மரமாக, மாற்றிக் கொடுக்கும். அ எண்ணா, சரமா (எழுத்துகளின் தொடரா) என்பது நிரல் ஓடும்போதுதான் தெரியும். முதல் தடவை 3உம் 4உம் வந்தால், அந்த இடம் நாங்கள் எழுதிய பைண்டரை, அதாவது வந்த மதிப்புகளுக்கு எதைச் செய்வது என்று முடிவுசெய்யும் பகுதியை, கேட்கும். 'இரண்டும் முழு எண்ணாக இருந்தால் கூட்டு' என்று பைண்டர் ஒரு விதி தரும். அந்த விதி அங்கேயே கேஷில், அதாவது மறுபடி எடுத்துக்கொள்ள வைக்கும் சேமிப்பில், தங்கிவிடும். அடுத்த ஆயிரம் தடவையும் எண்களே வந்தால் பைண்டர் பக்கம் யாரும் போவதில்லை. நடுவில் ஒரு சரம் வந்தால் விதி பொருந்தாது; பைண்டரிடம் மறுபடி கேட்டு, இரண்டாவது விதியும் பக்கத்தில் சேரும். ஓர் இடத்தில் பல விதிகளைச் சேர்த்துவைக்கும் இந்த உத்தியை 1991இல் செல்ஃப் என்ற நிரலாக்க மொழியில் வேலை செய்தவர்கள் கட்டுரையாக வெளியிட்டார்கள். இத்தனை பேரின் உழைப்பு எங்களுக்குச் சும்மா கிடைத்திருக்கிறது. நினைவக மேலாண்மையும், நிரலைக் கணினிக்குப் புரியும் இயந்திரக் குறிமுறையாக மாற்றுவதும்கூட அப்படித்தான்.

சரி, மிச்சம் என்ன? பிழைச் செய்திகள்.

புதிதாகப் பழகும் ஒருவர் எங்கள் மொழியில் ஐந்து வரி எழுதினார். மூன்றாவது வரியில் 'மொத்தம்' என்பதற்குப் பதில் 'மொதம்' என்று அடித்துவிட்டார். திரை முழுக்க ரன்டைமின் உள்ளுறுப்புகளின் பெயர்கள் வந்து கொட்டின. அவர் எழுதிய ஒரு வரிகூட அதில் இல்லை. "எதையாவது உடைத்துவிட்டேனா?" என்று பயந்துபோய்க் கேட்டார். எங்களுக்கு அன்று மிகவும் கஷ்டமாக இருந்தது.

அவருக்கு வந்திருக்க வேண்டியது இது: '3ஆம் வரி: மொதம் என்று மாறி எதுவும் இல்லை. மொத்தம் என்பதைத்தான் எழுத நினைத்தீர்களா?' இதைக் காட்ட, முன்பு சொன்ன எக்ஸ்பிரஷன் ட்ரீ மரத்தின் ஒவ்வொரு கணுவும் தான் எந்த வரியிலிருந்து வந்தது என்பதைச் சுமந்துகொண்டே போக வேண்டும். பைண்டர் தோற்கும் ஒவ்வொரு இடத்திலும் அந்தத் தோல்வியைப் பிடித்து, எளிய சொற்களில் திருப்பி எழுத வேண்டும். இதை எந்த ரன்டைமும் நமக்காகச் செய்யாது. பொறுமையான, தொடர்ச்சியான வேலை. மாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் நேற்று விட்ட இடத்தைத் தேடவே பாதி நேரம் போய்விடுகிறது.

ஆகவே உங்கள் நன்கொடையில் பெரும்பகுதி, ஒருவரை ஆறு மாதம் அரைநாள் வேலைக்கு அமர்த்தி இதை முடிக்கச் செலவாகும். அப்புறம் மிஞ்சினால் கற்பவர்களுக்கான கையேடு, விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் சோதித்துப் பார்க்கும் வசதி. எதிர்பார்த்த தொகை சேராவிட்டால் கையேட்டைத் தள்ளிவைப்போம், பிழைச் செய்திகளை விடமாட்டோம்.

மூலநிரல் முழுவதும் அப்பாச்சி 2.0 என்ற திறந்த மூல உரிமத்தில் எல்லோருக்கும் திறந்தே இருக்கும். எந்தச் செலவுக்கும் குழுவில் இருவர் ஒப்புதல் வேண்டும்; மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கை வெளியிடுவோம். தொகை சிறியதா பெரியதா என்று பார்க்க வேண்டாம். ஒரே தடவையாகவோ மாதாமாதமோ தரலாம். குழுவின் பொருளாளர் ரசீது அனுப்புவார்.

பணம் தர இயலாதவர்கள் மொழியை ஓட்டிப் பார்த்து, குழப்பமான செய்தி வந்த நிரல்களை அப்படியே எங்களுக்கு அனுப்புங்கள். திருத்தாமல், எழுத்துப்பிழையோடு.

நன்றியுடன்,
திட்டக் குழுவினர்